மெராப்பி மலைக் கல்லும் வெள்ளவத்தைச் சமையலறையும்: ஒரு சாவக அரைகல்லோடு ஆறு ஆண்டுகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுச் சமையலறை மேடையில், தண்ணீர்த் தொட்டிக்கு வலப்புறமாக, ஒரு சாண் அகலமும் நான்கு விரல் உயரமும் உள்ள கருஞ்சாம்பல் நிறக் கல்தட்டு ஒன்று 2019ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இந்தோனேசியாவின் சாவகத் தீவில், அதாவது ஜாவாவில், இதனைச் சோபெக் என்றும், இதனோடு சேர்ந்து வரும் வளைந்த குழவியை உலெகான் என்றும் அழைக்கிறார்கள். மெராப்பி என்னும் எரிமலையிலிருந்து வந்த கல்லைக் குடைந்து செய்யப்பட்டது இது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது அம்மிக்கு ஈடாகுமா, கொழும்பில் வாங்கினால் நல்லதாகக் கிடைக்குமா என்று கேட்பதுண்டு. ஆறு ஆண்டுகளாக ஏறக்குறைய நாள்தோறும் இதில் அரைத்து வருகின்ற எனக்கு, அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு சொல்லில் பதில் கூற முடியவில்லை என்பதனாலேயே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சாவகச்சேரியில். அம்மாவின் வீட்டுப் பின்விறாந்தையில் அம்மி, உரல், ஆட்டுக்கல், திருகை என்று நான்கு கற்களும் அவ்வவற்றுக்குரிய இடத்தில் இருந்தன. எந்தப் பொருளை எந்தக் கல்லில் அரைப்பது என்பதை யாரும் கேட்டு அறிந்ததில்லை. கொழும்புக்கு வந்து மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளும் ஒடுங்கிய சமையலறையும் உள்ள வீட்டில் குடியேறியபோதுதான், கல் இல்லாத சமையல் எவ்வளவு குறைபட்டது என்று எனக்கு விளங்கியது. அம்மி வைக்க இடமில்லை. சிறிய கருங்கல் உரல் ஒன்றை வாங்கினோம். காலை ஐந்தரை மணிக்கு அதில் இடித்தால் கீழ்வீட்டுக் கைக்குழந்தை விழித்துவிடும். அந்த வீட்டார் ஒருநாளும் முறையிட்டதில்லை, ஆனால் அந்தக் குழந்தையின் அழுகுரல் படிக்கட்டு வழியாக மேலே வந்த அன்றே உரலை மூலையில் வைத்துவிட்டேன். பிளெண்டரைப் பொறுத்தவரை, இரண்டு பேருக்குத் தேவையான கைப்பிடித் தேங்காய்ப்பூவும் மூன்று பச்சைமிளகாயும் அதன் அலகுகளுக்கு எட்டுவதே இல்லை. தண்ணீர் விட்டால்தான் சுற்றும். தண்ணீர் விட்டால் அது சம்பலாக இராது.

இந்த நிலையில்தான், 2019இல் அக்கா குடும்பத்தினரிடம் சென்று ஐந்து கிழமைகள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அத்தானுக்குச் சாவகத் தீவின் யோக்யகர்த்தா நகரில் இரண்டாண்டு வேலை. நகருக்கு வடக்கே ஸ்லேமான் மாவட்டத்தில், கலியுராங் மலைவாசத்தலத்துக்கு ஏறும் வீதியோரமாக வீடு எடுத்திருந்தார்கள். அங்கிருந்து மெராப்பியின் உச்சி ஏறக்குறைய 15 கிலோமீற்றர். நம்முடைய மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர். மெராப்பி 2,900 மீற்றரையும் தாண்டியது. பிதுருதலாகலவைச் சுற்றிலும் மலைகள் இருப்பதால் அதன் உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மெராப்பியோ தெற்கிலிருந்து பார்க்கும்போது நெல்வயல்களுக்குப் பின்னால் தனித்து எழுந்து, உச்சியில் வெண்புகையோடு நிற்கிறது. மலாய் மொழியில் அபி என்றால் நெருப்பு. மெராப்பி என்ற பெயருக்கு நெருப்பு மலை என்றே அங்கே பொருள் சொல்கிறார்கள்.

அக்கா வீட்டு நாயைக் காலையில் நடக்கக் கூட்டிச் செல்வது என் பொறுப்பாக இருந்தது. எட்டு மணிக்குள் மேகம் மலையை மூடிவிடும் என்பதால், ஐந்தரைக்கே புறப்பட்டு, வயல் வரம்புகளிலும் சலாக் பழத் தோட்டங்களின் வேலியோரமாகவும் நடப்போம். பாம்பின் செதில் போன்ற தோலுடைய அந்தப் பழம் மெராப்பியின் சரிவுகளில் ஏராளமாக விளைகிறது. விடியுமுன் சென்ற சில நாட்களில், உச்சியிலுள்ள எரிமலைக் குழம்பின் மேட்டிலிருந்து செந்நிறத் துண்டுகள் உதிர்ந்து உருண்டு அணைவதைக் கண்டேன். முதல் நாள் எனக்குக் கால்கள் நடுங்கின. எதிரே சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றி வந்த முதியவரோ, மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாயின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அங்குள்ளவர்கள் மலையைப் பொருட்படுத்தாமல் வாழ்கிறார்கள் என்று இதனை விளங்கிக்கொள்ளக் கூடாது. நோர்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ் என்று நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு. சிறு பிள்ளைகளுக்கும் அவை மனப்பாடம். நான் சென்ற காலத்தில் இரண்டாவது நிலையான வாஸ்பாடா நடைமுறையில் இருந்தது. உச்சியிலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள் எவரும் செல்லக் கூடாது. 2020 நவம்பரில் அது மூன்றாவது நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2010ஆம் ஆண்டின் பெருவெடிப்பில் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைச்சரிவில் உருண்டு திரண்டு பாய்கின்ற கொதிமுகிலை, அதன் சுருண்ட தோற்றம் கருதி, 'வெதுஸ் கெம்பெல்' என்று சாவக மொழியில் சொல்வார்கள்; சுருள்மயிர் ஆடு என்பது அதன் பொருள். ஊரார் தம் வீட்டு ஆட்டின் பெயரையே அந்தப் பயங்கரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை அக்கா சொல்லிக் கேட்ட இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

ஒருநாள் காலையில் மெல்லிய சாம்பல் விழுந்தது. அயல்வீட்டு அம்மையார் மதிற்சுவருக்கு மேலாகக் கையசைத்து, நாயை வெளியே விட வேண்டாம் என்று தெரிவித்தார். அடுப்புச் சாம்பலைப் போல அது மென்மையானதன்று. நொறுங்கிய கல்லும் எரிமலைக் கண்ணாடியும் கலந்த தூள் என்பதால், விரல்களுக்கிடையில் நெருடும், கண்ணில் விழுந்தால் கசக்கக் கூடாது. சட்டிகளையெல்லாம் மூடிவைத்து, முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்த பிறகே கூட்டினார்கள். தெளிக்காமல் கூட்டினால் தூள் மீண்டும் எழும்பி மூச்சுக்குள் போகும். எங்கள் கண்ணைத் தப்பி முற்றத்துக்கு ஓடிய நாயின் பாதங்களை இரண்டு முறை கழுவினோம். அன்று முழுவதும் வெளியே செல்ல இயலாமையால், அந்த அம்மையார் தம் சமையலறைக்கு எங்களை அழைத்தார். இந்தக் கல்லை நான் முதன்முதலாகப் பயன்படுத்திப் பார்த்தது அங்கேதான்.

அவரை எல்லோரும் இபு என்று அழைத்தார்கள். நம்மவர் அம்மா என்று மரியாதையாக அழைப்பதைப் போன்றது அது. முதலில் உப்பு, அதன்மேல் கிள்ளிய மிளகாய், பிறகு சின்ன வெங்காயம், கடைசியில் தக்காளியும் சுட்ட இறால் விழுதும் என்ற வரிசையில் சேர்த்து, ஐந்தே நிமிடத்தில் சம்பல் அரைத்துக் காட்டினார். சம்பல் என்ற சொல் அங்கும் அதே சொல்தான். உலெகான் நம் குழவியைப் போல உருளை வடிவமுடையதன்று. முழங்கை மடிந்தாற்போல வளைந்திருக்கும், அதன் தலை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். ஒரு கையால் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். இடிப்பதில்லை, ஆகவே ஓசையும் இல்லை. கீழ்வீட்டுக் குழந்தையை நான் அக்கணமே நினைத்தேன்.

அடுத்த கிழமை, யோக்யகர்த்தாவிலிருந்து மகெலாங் செல்லும் பெருவீதியில் உள்ள முந்திலான் என்ற ஊருக்கு அத்தான் எங்களைக் கூட்டிச் சென்றார். வீதியின் இரு மருங்கிலும் கல் வேலை செய்யும் பட்டறைகள். சிலைகளும் தூண்களும் அரைகற்களும் குவிந்து கிடக்கின்றன. மெராப்பியிலிருந்து இறங்கும் ஆறுகள் வழியாக, மழைக்காலத்தில் சாம்பலும் மணலும் பாறைகளும் சேற்றுக் கூழாக அடித்து வரப்படுகின்றன. உலகெங்கும் புவியியலாளர் இதற்கு வழங்குகின்ற லஹார் என்ற சொல் சாவக மொழியிலிருந்தே சென்றது. 2011 ஜனவரியில் பூத்தி ஆற்றில் வந்த லஹார் அந்தப் பெருவீதியையே துண்டித்தது. அப்படிக் கீழே வந்து சேர்ந்த பாறைகளை உடைத்துத்தான் கல்தச்சர்கள் வேலை செய்கிறார்கள். ஊரை அழித்த ஆறே ஊருக்கு மணலும் கல்லும் கொண்டுவந்து தருகிறது என்று பட்டறைக்காரர் சொன்னதை அத்தான் எனக்கு மொழிபெயர்த்தார்.

அந்தக் கல்லுக்கு அன்டசைற் என்று பெயர். பொரொபுதூர்த் தூபியும் பிரம்பனான் சிவன் கோயிலும் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் இந்தக் கல்லாலேயே எழுப்பப்பட்டவை. பிரம்பனானில் 47 மீற்றர் உயரமான சிவன் ஆலயத்தின் தெற்கு அறையில் அகத்தியர் நிற்கிறார். பொதிகை முனிவரென்று சிறுவயதிலிருந்து நாங்கள் கேட்டு வளர்ந்த அகத்தியரை, தாடியோடும் பருத்த வயிற்றோடும் அந்தத் தீவில், அந்தக் கருஞ்சாம்பல் நிறக் கல்லில் கண்டபோது நான் கைகூப்பி நின்றுவிட்டேன். முந்திலானில் அரைகல்லைக் கையில் எடுத்தபோது, அந்த நிறமும் சொரசொரப்பும் எனக்கு ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தன.

நான் வாங்கிய கல் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ளது. குழிவு நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் இராது. குழவியோடு சேர்த்து நான்கு கிலோகிராம் அளவில் நிறை. 85,000 ரூபியா கொடுத்தேன். அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்தில் ஏறத்தாழ 1,100 ரூபாய். கட்டுநாயக்கவுக்குக் கைப்பொதியில் கொண்டுவர அனுமதிக்க மாட்டார்கள் என்று அத்தான் எச்சரித்ததால், மூன்று சேலைகளில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

புதுக்கல்லைப் பழக்கிய விதத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்தவர்கள்தாம் பிறகு கல்லைக் குறை சொல்கிறார்கள். தூரிகையால் தேய்த்துக் கழுவி ஒருநாள் வெயிலில் காயவைத்தேன். பிறகு ஒரு கைப்பிடி பச்சையரிசியை இட்டு மாவாகும்வரை அரைத்தேன். மாவு சாம்பல் நிறமாக வந்தது, கொட்டிவிட்டேன். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நிறம் குறைந்தது. ஐந்தாம் முறை அரிசிமாவு வெள்ளையாகவே வந்தது. அதன் பிறகு கல்லுப்பும் பழைய தேங்காய்ப்பூவும் சேர்த்து இரண்டு நாள் அரைத்துக் கொட்டினேன். இத்தனையும் முடிய ஒரு கிழமை சென்றது. அவசரப்பட்டு மூன்றாம் முறையோடு நிறுத்தியிருந்தால் சம்பலில் கல் நெருடியிருக்கும்.

இனி அரைக்கும் தரத்துக்கு வருகிறேன். இடியப்பத்துக்கும் தோசைக்கும் அரைக்கின்ற பச்சைமிளகாய்ச் சம்பலில் இந்தக் கல் எனக்கு அளித்த நிறைவு வேறெதிலும் கிடைத்ததில்லை. உப்பையும் மிளகாயையும் முதலில் நசித்து, சின்ன வெங்காயம் இரண்டைச் சேர்த்து, பிறகு தேங்காய்ப்பூவைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொடுத்தால், தேங்காய் தன் பாலை விட்டு மிளகாயோடு ஒன்றாகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டும் தேவைப்படாது. பிளெண்டரின் அலகு வெட்டுகிறது, கல் நசுக்குகிறது. நசுங்கிய தேங்காய்ப்பூவிலிருந்து எண்ணெயும் மணமும் வெளியே வந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. வெட்டுப்பட்ட பூவில் அவை உள்ளேயே தங்கிவிடுகின்றன. கடைசியில் தேசிக்காய்ப் புளியைக் கல்லில் விடாமல், கிண்ணத்துக்கு மாற்றிய பின் விடுவதே என் வழக்கம்.

இரசத்துக்கு மிளகு, நற்சீரகம், மல்லி, உள்ளி ஆகியவற்றைத் தட்டுவதிலும் இது மிகச் சிறந்தது. கருங்கல் உரலில் மிளகு வழுக்கி ஓடும். இந்தக் கல்லில் ஓடாது. காரணம் கல்லின் உடம்பிலேயே இருக்கிறது. எரிமலைக் குழம்பில் கலந்திருந்த வாயுக் குமிழிகள், குழம்பு விரைவாகக் குளிர்ந்து இறுகும்போது நுண்துளைகளாகத் தங்கிவிடுகின்றன. ஒவ்வொரு துளையின் விளிம்பும் ஒரு சிறிய பல்லைப் போல வேலை செய்கிறது. நம் நாட்டுக் கருங்கல்லின் வரலாறு வேறு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் போன்ற சில பகுதிகளை விட்டால், இலங்கையின் பெரும்பாகம் மிகப் பழைய உருமாறிய பாறையாலானது. நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இறுகிய அந்தப் பாறையில் துளைகள் இல்லை. அதனால் அம்மி நாளடைவில் மழமழப்பாகிறது, உளியால் பொளிய வேண்டியிருக்கிறது. அம்மி பொளிபவர் ஊருக்குள் வரும் நாளை அம்மா எதிர்பார்த்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மெராப்பிக் கல்லை இந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் பொளியவில்லை. நடுப்பகுதி சற்று மழுங்கியிருந்தாலும் மிளகை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது.

வல்லாரைச் சம்பலுக்கு இலையைப் பொடியாக அரிந்து போட்டால் ஐந்து நிமிடம் போதும். மீன்குழம்புக்கு உள்ளியும் பெருஞ்சீரகமும் அரைப்பது, பாற்சொதிக்குப் பச்சைமிளகாயை நசிப்பது ஆகியனவெல்லாம் எளிதாக முடிகின்றன.

செத்தல்மிளகாயில் செய்யும் இடித்த சம்பலுக்கு இந்தக் கல் பொருந்தாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழிவு ஆழமற்றது, இடிக்க முயன்றால் மிளகாய் விதைகள் நாற்புறமும் தெறிக்கின்றன, ஒருமுறை என் கண்ணிலேயே தெறித்தது. மிளகாயை மொறுமொறுப்பாகப் பொரித்து, ஆறவைத்து, உப்போடு தேய்த்தால் ஓரளவு வருகிறது. ஆயினும் உரலில் இடித்த சம்பலின் உதிரித் தன்மை அதில் இல்லை. மாசித்துண்டுகளும் இதில் மசிய மறுக்கின்றன. ஆகவே அந்தச் சம்பலை ஞாயிற்றுக்கிழமைகளில், கீழ்வீட்டார் எல்லோரும் எழுந்த பின்பு, பழைய கருங்கல் உரலிலேயே இடிக்கிறேன். உழுந்து அரைப்பதையோ கறித்தூள் இடிப்பதையோ இந்தக் கல்லிடம் எதிர்பார்க்கவே கூடாது. நான்கு பேருக்கு மேற்பட்ட குடும்பமானால், ஒரு வேளைச் சம்பலுக்கே இரண்டு முறை அரைக்க வேண்டியிருக்கும்.

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, இந்தத் தொடர்மாடியில் பிளெண்டரை நம்பியிருந்த வீடுகள் பட்ட பாட்டை நான் அறிவேன். எரிவாயுவும் கிடைக்காத நாட்கள் அவை. பாணுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சம்பல் இருந்தால் அந்த வேளை கழிந்துவிடும் என்ற நிலையில், மாலையில் எங்கள் வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் மூன்று வீடுகளுக்குச் சம்பல் அரைபட்டது. இரண்டாம் மாடிச் சிங்கள அக்கா, எங்கள் கல்லைப் பார்த்தவுடன், தம் தாயார் வீட்டு மிரிஸ்கல்லைப் பற்றி நெடுநேரம் பேசினார். மிளகாய்க் கல் என்று பொருள்படும் அந்தப் பெயர் நம் அம்மிக்கே அவர்கள் மொழியில் உரியது. கொம்பனித்தெருவைச் சேர்ந்த என் மலாய்த் தோழியோ, கல்லைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினார். ஒல்லாந்தர் காலத்தில் சாவகத்திலிருந்தும் அயல்தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த குடும்பம் அவருடையது. அங்குள்ள ஜாவா ஒழுங்கையின் பெயரில் அந்த வரலாறு இன்றும் நிற்கிறது. எங்கள் சாவகச்சேரியின் பெயருக்கும் சாவகரோடு தொடர்பு உண்டென்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள் என்று நான் சொன்னபோது, அப்படியானால் நாம் இருவரும் ஓரூரார் என்று அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

நாய் வளர்ப்பவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் நாய் கறுப்பிக்கு வீட்டிலேயே சோறும் பூசணியும் முள் நீக்கிய மீனும் அவித்துக் கொடுக்கிறோம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றவை. பச்சையாகவோ சமைத்தோ தூளாகவோ எந்த வடிவிலும் நாய்க்கு ஆகாதவை. இந்தக் கல்லின் துளைகளுக்குள் அவற்றின் சாறு தங்கிவிடும் என்பதால், கறுப்பிக்குரிய பூசணியை இதில் ஒருபோதும் மசிப்பதில்லை. அதற்கென்று மரக்கரண்டியும் எவர்சில்வர் கிண்ணமும் தனியாக வைத்திருக்கிறோம். கழுவிய தண்ணீரை அது நக்காதபடியும் பார்த்துக்கொள்கிறேன். கல்லை வாங்கி வீட்டில் நாய்க்கும் சேர்த்து அரைக்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும்.

துளைகள் மிளகைப் பிடிப்பதைப் போலவே மணத்தையும் பிடித்துக்கொள்கின்றன. முதல் நாள் உள்ளி அரைத்தால் மறுநாள் தேங்காயில் அதன் வாடை வரும். சவர்க்காரம் பயன்படுத்தவே கூடாது; அது கல்லுக்குள் ஊறி, அடுத்த சம்பலில் நுரையின் சுவையாக வெளிப்படும். வெந்நீர் ஊற்றித் தும்புத் தூரிகையால் தேய்த்து, வாரம் ஒருமுறை உப்பும் பச்சையரிசியும் இட்டு அரைத்துக் கொட்டினால் வாடை நீங்குகிறது. கொழும்பின் ஈரக்காற்றில் கல் உலர நேரம் எடுக்கும்; கடற்கரைக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டில், மழைக்காலத்தில் ஒருமுறை ஈரத்தோடு சாய்த்து வைத்துவிட்டு மூன்று நாள் வெளியூர் சென்று திரும்பியபோது பூஞ்சணம் பிடித்திருந்தது. அதை நீக்க வெயிலும் உப்பும் ஒரு கிழமை முழுவதும் தேவைப்பட்டன. அடுப்பில் வைத்துச் சூடாக்குவதையும் தவிர்க்க வேண்டும். துளைகளுக்குள் ஈரம் இருக்கும் கல் திடீர்ச் சூட்டில் வெடிக்கக்கூடும்.

போலிக் கல்லைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. எங்கள் கல்லின் பயனைக் கண்ட என் மச்சாள், கொழும்பில் ஒரு கடையில் எரிமலைக் கல் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை, நான் கொடுத்ததைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிவந்தார். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே சீரான நிறம். அந்தச் சீர்மைதான் எனக்கு முதலில் ஐயத்தை எழுப்பியது, ஏனென்றால் உண்மையான கல்லில் வெண்புள்ளிகளும் கரும்புள்ளிகளும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும், துளைகளும் பெரிதும் சிறிதுமாக இருக்கும். மூன்று கிழமைகள் அரிசி அரைத்தும் மாவு சாம்பல் நிறமாகவே வந்தது. இறுதியில் தேசிக்காயை அரிந்து அதன் அடிப்பக்கத்தில் பிழிந்தோம். சிறுசிறு நுரை எழுந்தது. சீமெந்தில் உள்ள சுண்ணாம்புப் பொருள் புளியோடு சேரும்போது அப்படி நுரைக்கும், அன்டசைற் நுரைக்காது. கல்தூளையும் சீமெந்தையும் அச்சில் வார்த்துச் செய்தது அது. திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பயன்படுத்திய பொருளை மாற்றித் தர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று கிழமைகளில் அவருடைய பிள்ளைகள் அதில் அரைத்த சம்பலை இரண்டு முறை சாப்பிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. வாங்கப்போகின்றவர்கள் ஒரு தேசிக்காயைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப்பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். ஆணியால் மெதுவாகக் கீறிப் பார்ப்பதும் உதவும். தூள் எளிதாக உதிர்ந்தால் அது கல்லாக இராது.

அளவைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று பேருள்ள வீட்டுக்கு 20 சென்ரிமீற்றர் சரியாக இருக்கும். அதைவிடச் சிறியவை உள்ளி நசிப்பதற்கு மட்டுமே உதவும். 25 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டவற்றை நாள்தோறும் தூக்கிக் கழுவுவது மணிக்கட்டுக்கு வேதனை. ஊரில் முற்றமும் அம்மியும் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. மணிக்கட்டில் வாதநோய் உள்ளவர்களும், அரைத்த உடன் கழுவ நேரமில்லாமல் வேலைக்கு ஓடுகின்றவர்களும் இதை வாங்கினால் பெரும்பாலும் அலுமாரிக்குள்தான் வைப்பார்கள். தொடர்மாடியில் வசித்துக்கொண்டு, கல்லில் அரைத்த சம்பலின் சுவையை மறக்க முடியாமல் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கல்லை நான் அறியவில்லை.

சென்ற ஆண்டு அம்மா சாவகச்சேரியிலிருந்து வந்து எங்களோடு ஒரு மாதம் தங்கினார். அவருக்கு வயது எழுபத்தொன்பது. முதல் நாள் உலெகானை இரண்டு கைகளாலும் பிடித்து, அம்மியில் இழுப்பதைப் போல இழுத்தார். அது வழுக்கி, தேங்காய்ப்பூ மேடையில் சிந்தியது. குழவி சரியில்லை, கல் நல்ல கல் என்றார். இரண்டாம் நாள் நான் அரைப்பதைப் பக்கத்தில் நின்று ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மிளகை மட்டும் தாமே ஒரு கையால் தட்டினார். நான்காம் நாள் விடியற்காலையில் கறுப்பியோடு மரீன் டிரைவ் கரையோரமாக நடந்துவிட்டு நான் வீடு திரும்பியபோது, இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது, சம்பல் அரைபட்டுக் கிண்ணத்தில் இருந்தது, கல் கழுவப்பட்டு யன்னல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.